பிடித்த மீனைத் திரும்ப விடுவது சரியா? தூண்டில் அறத்தைப் பற்றிய ஒரு நெடிய விவாதம்

ஸ்காட்லாந்தின் ஆறுகளில் ஏப்ரல் 1-க்கு முன்பு தூண்டிலில் சிக்கும் சால்மன் மீனை வீட்டுக்குக் கொண்டுபோவது குற்றம். அதை உயிரோடு ஆற்றிலேயே விட வேண்டும். சுவிட்சர்லாந்தில் நிலைமை நேர்மாறானது. திரும்ப விட்டுவிடும் எண்ணத்தோடு தூண்டில் போடுவதே அங்கே குற்றம். ஒரே செயலை ஒரு நாட்டின் சட்டம் கடமை ஆக்கியிருக்கிறது, மற்றொரு நாட்டின் சட்டம் கொடுமை என்று விலக்கியிருக்கிறது. இரண்டுமே மீனின் பெயரால்தான் பேசுகின்றன.

பசிக்காகவோ பிழைப்புக்காகவோ அல்லாமல் பொழுதுபோக்குக்காக மீன் பிடிப்பவர், கரைக்கு வந்த மீனை என்ன செய்ய வேண்டும்? ஏறத்தாழ 200 ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. தூண்டில்காரர்கள், மீனியல் ஆய்வாளர்கள், தத்துவவாதிகள், சட்டம் இயற்றுவோர், ஆற்றை நம்பி வாழும் மக்கள் எனப் பல தரப்பினர் அவற்றைச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. இது ஒற்றைக் கேள்வி அல்ல. மீனுக்குத் துன்பம் உண்டா, விடப்பட்ட மீன் பிழைக்கிறதா, அதனால் அந்த இனமும் ஆறும் நலம் பெறுகின்றனவா என்ற மூன்று கேள்விகள் இதனுள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றொன்றுக்கான விடையாக எடுத்துக்கொண்டதே இந்த விவாதத்தின் பெருங்குழப்பம் என்று தோன்றுகிறது.

உணவிலிருந்து விளையாட்டுக்கு

1653-இல் வெளிவந்த ஐசக் வால்டனின் ‘தி கம்ப்ளீட் ஆங்லர்’ நூல், தூண்டில் போடுவதை அமைதியும் தியானமும் கலந்த பொழுதாக ஆங்கிலேயர்களின் மனத்தில் நிறுத்தியது. ஆனாலும் அந்நூலின் மீன்களில் பல அடுப்புக்குத்தான் போகின்றன, சமைக்கும் முறைகளும் அதில் விரிவாக உண்டு. உணவு என்ற நியாயம் இருந்தவரை பிடிபட்ட மீனின் கதி பெரிய கேள்வியாக எழவில்லை.

19-ஆம் நூற்றாண்டில் அந்த நியாயம் ஆட்டம் கண்டது. கவிஞர் பைரன் 1823-இல் வெளிவந்த ‘டான் ஜுவான்’ காவியத்தின் 13-ஆம் காண்டத்தில் வால்டனைக் கொடுமைக்காரர் என்று கடுமையாகச் சாடினார். சுரங்கத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு விளக்கை உருவாக்கிய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி, 1828-இல் எழுதிய ‘சால்மோனியா’ என்ற உரையாடல் நூலில் தூண்டில்காரர் தரப்பை எடுத்துரைத்தார். குளிர் இரத்த உயிர்களுக்கு உணர்ச்சி குறைவு என்பது அவர் முன்வைத்த வாதங்களில் ஒன்று. நல்ல தூண்டில்காரர் உணவுக்கு வேண்டிய மீனை உடனே கொன்றுவிடுவார், வேண்டாததைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார் என்பது இன்னொன்று. இன்று வரை நீளும் இரு வாதங்களும், அதாவது மீனின் உணர்ச்சி பற்றியதும் பிடித்தவரின் நடத்தை பற்றியதும், அந்த நூலிலேயே அருகருகே நிற்கின்றன.

இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் மீனைத் திரும்ப விடும் வழக்கம் வேறொரு காரணத்தால் பரவியது. ரோச், பிரீம் போன்ற ஆற்று மீன்களை உண்ணும் பழக்கம் குறைவு. சங்கங்கள் குத்தகைக்கு எடுத்த நீர்நிலைகளோ சிறியவை. பிடித்ததையெல்லாம் கொன்றால் அடுத்த வாரப் போட்டிக்கு மீன் இருக்காது. ஆகவே நீரில் அமிழ்த்திய வலைப்பையில் மீனை வைத்திருந்து, எடை பார்த்தபின் விடுவது வழக்கமாயிற்று. 1878-இல் வந்த நன்னீர் மீன்வளச் சட்டம், மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை இத்தகைய மீன்களுக்குத் தடைக்காலம் விதித்தது. ஆறுகளைப் பொறுத்தவரை இங்கிலாந்தில் அந்தத் தடைக்காலம் இன்றும் தொடர்கிறது.

அமெரிக்காவில் விடுவிப்பை ஒரு கொள்கையாகப் பேசியவர்களில் முதன்மையானவர் லீ வுல்ஃப். விளையாட்டுக்கு உரிய மீன் ஒரே ஒரு முறை பிடிபட்டு முடிந்துபோவதற்கு மிகவும் விலைமதிப்பானது என்ற கருத்தை 1939-இல் வெளியிட்ட கையேட்டில் அவர் எழுதினார். 1972-இல் ரே ஸ்காட் தம் பாஸ் மீன் போட்டிகளில் மீன்களை உயிரோடு விடும் முறையைக் கொண்டுவந்தார். அதன்பின் அது சாதாரணத் தூண்டில்காரர்களிடமும் நன்னடத்தையின் அடையாளமாகப் பரவியது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா 2001 முதல் அங்குள்ள சொந்த மீனினங்கள் அனைத்தையும் விட்டே ஆக வேண்டும் என்று விதித்தது. தனிமனிதர் விருப்பமாகத் தொடங்கியது, ஒரு தலைமுறைக்குள் சட்டம் ஆயிற்று.

வளத்தைக் காக்கும் கருவி

விடுவதை ஆதரிப்போரின் வாதம் எளிமையானது. ஒரு நீர்நிலையில் தூண்டில்காரர்கள் பெருகும்போது, அவர்களைத் தடுத்து நிறுத்தலாம், அல்லது கொல்லும் மீன்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். விடுவித்தால் மீனும் மிஞ்சும், ஆற்றைக் காக்கப் பணமும் குரலும் தரும் ஒரு கூட்டமும் மிஞ்சும். பெரிய தாய்மீன்கள் மிகுதியாக முட்டையிடுபவை என்பதால் அவற்றை விடுவது இனத்துக்கே முதலீடு. ஸ்காட்லாந்து 2016 முதல் தன் ஆறுகளை சால்மன் நிலவரப்படி மூன்று தரங்களாகப் பிரித்து, மோசமான நிலையில் உள்ளவற்றில் ஆண்டு முழுவதும் விடுவிப்பைக் கட்டாயமாக்கியிருப்பது இந்த வாதத்தின் முதிர்ந்த வடிவம். அங்கே விதி ஆற்றுக்கு ஆறு மாறுகிறது.

இந்த நிலைப்பாட்டின் வலுக்குறைகளும் ஆய்வுகளில் வெளிப்பட்டிருக்கின்றன. முதலாவது, திரண்டு சேரும் இழப்பு. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் பிடிபடும் கோடிட்ட பாஸ் மீனை எடுத்துக்கொள்வோம். விடப்பட்டவற்றில் 9 விழுக்காடு இறக்கும் என்று அதன் வள மதிப்பீடு கணக்கில் கொள்கிறது. குறைவான விகிதம்தான். ஆனால் விடப்படும் மீன்களின் எண்ணிக்கை மிகப் பெரிது. அதனால் 2017-இல் மனிதரால் இழக்கப்பட்ட கோடிட்ட பாஸ் மீன்களில் ஏறத்தாழ பாதி, விட்டபின் இறந்தவை என்று மதிப்பிடப்பட்டது. ஒவ்வொருவரும் மீனைக் காப்பாற்றியதாக நம்பியிருந்தாலும் மொத்தக் கணக்கு வேறாக வந்தது. ஒரு நாளில் எத்தனை மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பதற்கு வரம்பு உண்டு. எத்தனை மீனைப் பிடித்து விடலாம் என்பதற்குப் பெரும்பாலான இடங்களில் வரம்பே இல்லை.

இரண்டாவது, காலம். கூடு கட்டி முட்டையிடும் நன்னீர்ப் பாஸ் இனங்களில் ஆண் மீன்தான் கூட்டைக் காவல் காக்கும். அதைச் சில நிமிடங்கள் கரையில் பிடித்து வைத்தாலே பிற மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடலாம். பிடிபட்ட மீன் பிழைத்துவிடும், அதன் குஞ்சுகள் பிழைக்காமல் போகலாம். மூன்றாவது, தேர்வு. இல்லினாய் மாநிலத்தின் ரிட்ஜ் ஏரியில் பல தலைமுறைகளாக நடந்த ஆய்வு, தூண்டிலில் எளிதாகச் சிக்கும் தன்மை மரபுவழி தொடர்கிறது என்று காட்டியது. துணிச்சலான மீன்களே அடிக்கடி சிக்கித் துன்புறுகின்றன என்றால், நெடுங்காலத்தில் அந்த இனத்தின் இயல்பே மாறக்கூடும்.

நான்காவது, எந்த மீன் என்ற கேள்வி. யெல்லோஸ்டோன் ஏரியில் 1994-இல் கண்டறியப்பட்ட லேக் டிரவுட், வெளியிலிருந்து வந்து அங்குள்ள கட்த்ரோட் டிரவுட்டை வேட்டையாடி அழித்த இனம். அதே பூங்காவின் விதிப்படி, அந்த ஏரியில் பிடிபடும் லேக் டிரவுட்டைக் கொன்றே ஆக வேண்டும். விடுவது தன்னளவில் நற்செயல் என்று கொண்டால் இந்த விதி விளங்காது. ஆற்றின் நலனே நோக்கம் என்று கொண்டால் இரண்டு விதிகளும் ஒன்றுக்கொன்று இசைவானவையே.

விட்ட மீன் பிழைக்கிறதா?

நீந்திப் போன மீன் பிழைத்துவிட்டது என்று கரையில் நிற்பவர் நினைப்பது இயல்பு. அந்த நினைப்பு போதாது என்று கடந்த 40 ஆண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. பார்த்தலமியு, போன்சாக் ஆகிய இருவரும் 2005-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், வெளியான ஆய்வுகளிலிருந்து 274 இறப்பு மதிப்பீடுகளைத் திரட்டினார்கள். அவற்றின் சராசரி 18 விழுக்காடு, இடைநிலை மதிப்பு 11 விழுக்காடு. இந்த எண்களை ஒரு பொதுவிதியாகக் கொள்வது தவறு. சில சூழல்களில் ஏறத்தாழ எல்லா மீன்களும் பிழைத்தன, சிலவற்றில் பெரும்பாலானவை மடிந்தன. ஏன் இந்த வேறுபாடு என்பதே பயனுள்ள பாடம்.

முதன்மையான காரணம் முள் எங்கே பாய்கிறது என்பது. தாடையில் குத்தினால் காயம் சிறிது. செவுளிலோ தொண்டையிலோ வயிற்றிலோ பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. இயற்கை இரையை மீன் ஆழமாக விழுங்கும், அதனால் செயற்கை இரையைவிட அதில் ஆபத்து கூடுதல். முனை உள்நோக்கி வளைந்த வட்டத் தூண்டில், விழுங்கப்பட்டாலும் பெரும்பாலும் வாயோரத்திலேயே வந்து மாட்டும். இறப்பை அது கணிசமாகக் குறைப்பதாகப் பல இனங்களில் கண்டிருக்கிறார்கள். கோடிட்ட பாஸ் மீனுக்கு இயற்கை இரை போடுவோர் வட்டத் தூண்டில்தான் பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்கக் கிழக்குக் கரை மாநிலங்கள் 2021-இல் விதித்தது இதனால்தான்.

அடுத்தது காற்றும் வெப்பமும். 1992-இல் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் ஆகியோர் ரெயின்போ டிரவுட் மீன்களைக் களைப்படையச் செய்து சோதித்தார்கள். தண்ணீரை விட்டு எடுக்காதவற்றில் 12 விழுக்காடும், 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38 விழுக்காடும், 60 விநாடி வைத்தவற்றில் 72 விழுக்காடும் இறந்தன. அது ஆய்வகச் சூழல், மீன்களுக்கு அறுவையும் செய்யப்பட்டிருந்தது. ஆற்றில் நடந்த பின்னாளைய ஆய்வுகள் இவ்வளவு கடுமையான இழப்பைக் காட்டவில்லை. ஆனாலும் காற்றில் வைக்கும் நேரம் கூடக்கூட மீனின் உடல்நிலை சீர்கெடும் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறைவு, அதில் போராடிக் களைத்த மீன் தேறுவது கடினம். அமெரிக்காவின் மான்டனா மாநிலத்தில் நீரின் வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை அந்த ஆற்றில் தூண்டில் போடுவதற்குத் தடை வரும். அது ஏறத்தாழ 23 டிகிரி செல்சியஸ்.

கடலில் ஆழம் இன்னொரு சிக்கல். ஆழத்திலிருந்து விரைவாக மேலே இழுக்கப்படும் மீனின் காற்றுப்பை உப்பிவிடும், அதனால் திரும்ப மூழ்க முடியாமல் மேற்பரப்பில் மிதந்து பறவைகளுக்கும் சுறாக்களுக்கும் இரையாகும். மெக்சிகோ வளைகுடாவில் பாறை மீன்களைப் பிடிப்போர், மீனை ஆழத்துக்குத் திரும்பக் கொண்டுசெல்லும் கருவியையோ காற்றை வெளியேற்றும் ஊசியையோ படகில் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று 2020-இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. பஹாமாஸ் தீவுகளில் போன்ஃபிஷ் மீன்களைப் பின்தொடர்ந்த ஆய்வு, விடும்போது நிலைதடுமாறிய மீன்களை வேட்டை மீன்கள் கவ்வும் வாய்ப்பு மற்றவற்றைவிடப் பல மடங்கு கூடுதல் என்று காட்டியது. மீன் நீந்திப் போவதைப் பார்த்தால் மட்டும் போதாது, நிமிர்ந்து நின்று சீராக நீந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

மீனுக்கு வலிக்குமா?

இந்தக் கேள்வியை அறிவியல் நேராகத் தொட்டது அண்மைக் காலத்தில்தான். 2002-இல் வயோமிங் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ரோஸ் ஒரு விரிவான மறுப்பை எழுதினார். வலியை உணர்ந்து அனுபவிக்கப் பெருமூளையின் புறணி தேவை, மீனுக்கு அது இல்லை, எனவே முள் குத்தும்போது மீன் துள்ளுவது அனிச்சைச் செயல் என்பது அவர் வாதம். மறு ஆண்டே லின் ஸ்னெடன், விக்டோரியா பிரைத்வெயிட், மைக்கேல் ஜென்டில் ஆகியோர் ரெயின்போ டிரவுட்டின் முகத்தில் தீங்கை உணரும் நரம்பு ஏற்பிகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் தேனீ நஞ்சோ அசிட்டிக் அமிலமோ செலுத்தப்பட்ட மீன்கள் ஏறத்தாழ மூன்று மணி நேரம் உண்ணவில்லை. அவற்றில் சில உடலை ஆட்டின, சில உதட்டைத் தொட்டியின் சரளைக் கற்களில் தேய்த்தன. மார்ஃபின் கொடுத்தபோது இந்த நடத்தைகள் குறைந்தன.

மறுப்போர் ஓயவில்லை. தீங்கை உணரும் நரம்பு இருப்பது வேறு, அதை வலியாக அனுபவிப்பது வேறு என்றார்கள். தூண்டில் மீன்பிடிப்பை ஆராயும் பல அறிஞர்கள் ரோஸோடு சேர்ந்து 2014-இல் இதே கருத்தை மீண்டும் வலியுறுத்தினார்கள். எதிர்த்தரப்போ, பறவைகளுக்கும் பாலூட்டிகளைப் போன்ற புறணி இல்லை, ஒரே வேலையை வெவ்வேறு மூளை அமைப்புகள் செய்யக்கூடும் என்று பதில் சொன்னது. நெதர்லாந்தில் பெய்கெமா 1970-இல் வெளியிட்ட பழைய ஆய்வும் இங்கே பொருந்தும். ஒரே முறை தூண்டிலில் சிக்கிய கார்ப் மீன்கள் அதன்பின் நெடுங்காலம் தூண்டிலைத் தவிர்த்தன. அந்த அனுபவம் மீனின் நினைவில் தங்குகிறது என்பதற்கு அது சான்று. அது வலிதான் என்று அந்தச் சான்று மட்டும் நிறுவாது.

இன்றைய நிலையில் மீனுக்குத் துன்பம் இருக்கக்கூடும் என்ற தரப்பின் சான்றுகள் பெருகி வருகின்றன என்று சொல்லலாம். 2022-இல் பிரிட்டன் இயற்றிய விலங்குகளின் உணர்திறன் சட்டம் முதுகெலும்புள்ள எல்லா விலங்குகளையும், அவற்றுள் அடங்கும் மீன்களையும், உணர்வுள்ளவையாக ஏற்றது. ஆனால் வலி உண்டு என்று ஏற்பதால் மட்டும் எது சரி என்று முடிவாகிவிடாது. வலி உண்டு என்பவரில் ஒருவர், ஆகவே பிடிக்கவே கூடாது என்கிறார். இன்னொருவர், ஆகவே உணவு போன்ற தக்க காரணம் வேண்டும், பிடித்ததை உடனே கொல்ல வேண்டும் என்கிறார். மூன்றாமவர், ஆகவே துன்பத்தைக் குறைத்து விரைவில் விட வேண்டும் என்கிறார். மூவரும் ஒரே சான்றிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

நோக்கத்தைக் கேட்கும் சட்டங்கள்

ஜெர்மனியின் 1972-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம், தக்க காரணமின்றி எந்த விலங்குக்கும் வலியோ துன்பமோ தீங்கோ இழைக்கக் கூடாது என்ற அடிப்படையில் நிற்கிறது. உணவு தக்க காரணம் ஆகும், வெறும் மகிழ்ச்சி ஆகாது என்று விளக்கம் தரப்பட்டதால், விடுவதற்காகவே பிடிப்பது வழக்குக்கு உரியதாயிற்று. சுவிட்சர்லாந்து 2009 முதல் இதை வெளிப்படையான விதியாக்கியது. உரிமம் பெற விரும்புவோர் மீனை முறையாகக் கையாளவும் கொல்லவும் பயிற்சி பெற்றதாகச் சான்று காட்ட வேண்டும்.

இந்தச் சிந்தனைக்குத் தத்துவ நூல்களிலும் துணை உண்டு. 1996-இல் டி லியூ எழுதிய கட்டுரை, தூண்டில் விளையாட்டின் இன்பம் மீன் உயிருக்காகப் போராடுவதிலிருந்தே வருகிறது என்று வாதிட்டது. தூண்டில்காரர் விரும்புவது மீனின் துன்பத்தை அல்ல, அது அவரது நோக்கமும் அல்ல என்று லென் ஓல்சன் 2003-இல் மறுத்தார். நூல்களுக்கு வெளியிலிருந்தும் ஒரு குரல் உண்டு. தென்மேற்கு அலாஸ்காவின் யூப்பிக் மக்களுக்குச் சால்மன் அன்றாட உணவு. பிடித்த மீனை விட்டு விளையாடுவது மீனை அவமதிப்பது, அவமதிக்கப்பட்ட மீன் திரும்பி வராது என்று அவர்களில் பலர் சுற்றுலாத் தூண்டில்காரர்களை எதிர்த்திருக்கிறார்கள். விலங்குரிமைக் கோட்பாடு அறியாத ஒரு மரபும் ஜெர்மன் சட்டமும் ஏறத்தாழ ஒரே முடிவை எட்டியிருப்பது கவனத்துக்குரியது.

இந்த நிலைப்பாட்டின் முதல் பலவீனம், நோக்கத்தை நிறுவுவது கடினம் என்பது. சிறிய மீனையும் தடைக்கால மீனையும் விட்டே ஆக வேண்டும் என்று அதே சட்டங்களே சொல்கின்றன. ஆகவே விடும் செயலை வைத்துக் குற்றத்தை அறிய முடியாது, மனத்தில் இருந்ததைத்தான் கேட்க வேண்டியிருக்கும். இரண்டாவது, உண்ணப்போகும் மீனும் விடப்போகும் மீனும் தூண்டிலில் ஒரே அளவில்தான் துன்புறும். கொல்வதைக் கட்டாயமாக்கினால் அந்தத் துன்பம் குறையாது, மீன்தான் குறையும். இதற்கு மறுமொழியாக, கொல்ல வேண்டும் என்ற நிலை இருந்தால் போதுமான மீன் கிடைத்ததும் தூண்டில்காரர் நிறுத்திக்கொள்வார், விடுபவரோ நாள் முழுவதும் பிடித்துக்கொண்டே இருப்பார் என்கிறார்கள். அந்த மறுமொழியைத் தள்ளிவிட முடியாது. கோடிட்ட பாஸ் மீனின் கணக்கு அதற்குத்தான் சான்றாக நிற்கிறது.

காவிரியின் பாடம்

இந்த விவாதம் தமிழ்நாட்டின் எல்லையிலேயே ஒரு முறை நடந்து முடிந்திருக்கிறது. மதராஸ் ஆட்சிப் பணியில் இருந்த எச்.எஸ். தாமஸ் 1873-இல் வெளியிட்ட ‘தி ராட் இன் இந்தியா’ நூல், மகசீர் மீனைத் தூண்டில்காரர்களின் உலக வரைபடத்தில் சேர்த்தது. 1946-இல் மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினி ஆற்றில் 120 பவுண்டு எடையுள்ள மகசீரைப் பிடித்தது இன்றும் பேசப்படுகிறது. பின்னாளில் வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன் கொல்லப்பட்டதால் அந்தப் பெருமீன்கள் அருகின.

1970-களின் பிற்பகுதியில் வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் மீண்டும் வரத் தொடங்கினார்கள். காவிரியின் கர்நாடகக் கரையில் பீமேஸ்வரி, தொட்டமாக்களி, கலிபோர் ஆகிய இடங்களில் முகாம்கள் அமைந்தன. பிடித்த மகசீரைக் கட்டாயம் ஆற்றில் விட வேண்டும் என்பதே அங்கே விதி. முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களில் சிலர் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் வேலை பெற்றார்கள். ஆனால் அந்தப் பகுதி காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதன் வரையறைக்குள் உயிரோடு பிடிப்பதும் அடங்கும். அந்த அடிப்படையில் 2012-க்குள் அங்கே தூண்டில் மீன்பிடிப்பு முடிவுக்கு வந்தது.

தடையை எதிர்த்தவர்கள், காவல் போனால் வெடி திரும்பி வரும் என்றார்கள். ஆதரித்தவர்கள், சரணாலயத்தில் விளையாட்டுக்கு இடமில்லை என்றார்கள். ஏட்ரியன் பிண்டரும் ராஜீவ் ராகவனும் பிற ஆய்வாளர்களும் கலிபோர் முகாமின் 1998 முதல் 2012 வரையிலான பதிவேடுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவு, இரு தரப்புக்கும் எளிதாக அமையவில்லை. அந்தப் பதிவேடுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மகசீர்கள் இருந்தன. பிடிபடும் மீன்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்திருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் காப்பு வெற்றி பெற்றதாகத் தோன்றும். ஆனால் பெருகியது வெளியிலிருந்து வளர்த்துக் கொண்டுவந்து விடப்பட்ட நீல்துடுப்பு மகசீர். காவிரிக்கே உரிய திமில் மகசீர் கிட்டத்தட்ட மறைந்துகொண்டிருந்தது. வளம் பெருகட்டும் என்று நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட குஞ்சு விடுப்பே அந்தச் சரிவுக்கு ஒரு முக்கியக் காரணமாக இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

திமில் மகசீரின் அறிவியல் பெயரே 2018-இல்தான் உறுதியானது. கேரளத்தில் தோன்றி அமராவதியில் சேரும் பாம்பாற்றிலிருந்து 2007-இல் விவரிக்கப்பட்ட ‘டார் ரெமாதேவி’தான் அது என்று அப்போது நிறுவப்பட்டது. அதே ஆண்டில் அது மிக அருகிய இனமாகப் பன்னாட்டு செம்பட்டியலில் இடம்பெற்றது. அதன் முக்கியமான எஞ்சிய இருப்பிடம் தமிழ்நாட்டு மோயாறு.

காவிரி அனுபவத்திலிருந்து மூன்று முடிவுகளை எச்சரிக்கையோடு எடுக்கலாம். தூண்டில்காரர்களின் ஒழுங்கான பதிவேடு இல்லாமல் திமில் மகசீரின் வீழ்ச்சி இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. ஒவ்வொரு மீனையும் கவனமாக விட்டாலும், எந்த இனம் ஆற்றில் இருக்க வேண்டும் என்ற கேள்வி தவறவிடப்பட்டால் ஆறு இழப்பையே சந்திக்கும். மூன்றாவதாக, தடை மட்டுமே காப்பு ஆகாது. தடைக்குப்பின் ஆற்றைக் கண்காணிப்பவர் யார் என்பதற்கும் விடை வேண்டும். எதிர்க்கரையில் தமிழ்நாடு அறிவித்த காவிரி வடக்கு, காவிரி தெற்கு சரணாலயங்களுக்கும், ஒகேனக்கல்லிலும் மேட்டூரிலும் பரிசலில் வலை வீசிப் பிழைக்கும் குடும்பங்களுக்கும் இது நேரடியாகத் தொடர்புள்ள கேள்வி. பொழுதுபோக்குக்கு வருபவருக்காக எழுதப்படும் விதி, பிழைப்புக்காகப் பிடிப்பவரை ஆற்றிலிருந்து ஒதுக்கும் விதியாக மாறிவிடக் கூடாது.

தூண்டிலே இல்லாத மாதிரியும் நம் மண்ணில் உண்டு. சிருங்கேரியில் துங்கை ஆற்றின் கோயில் துறையில் மகசீர்களை யாரும் பிடிப்பதில்லை, பக்தர்கள் பொரி போடுகிறார்கள். சட்டமும் கட்டணமும் தேவைப்படாத காப்பு அது. ஆனால் அது ஒரு துறையின் எல்லைக்குள் நிற்கும் காப்பு. நீண்ட ஆற்றையும் முட்டையிட மேலேறும் மீனின் பயணத்தையும் அதனால் மட்டும் காக்க முடியாது.

கரையில் உருவாகியுள்ள உடன்பாடு

அடிப்படைகளில் வேறுபடுவோரும் நடைமுறையில் பல இடங்களில் ஒன்றுபடுகிறார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2012-இல் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்காக வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இந்தப் பொது நிலத்தைக் காட்டுகின்றன. எதிர்முள் இல்லாத ஒற்றை முள்ளைப் பயன்படுத்துவது, மீனைக் களைப்பூட்டாமல் விரைவாகக் கரைசேர்க்கத் தக்க வலிமையுள்ள தூண்டில் நரம்பைக் கட்டுவது, முடிச்சில்லாத கைவலையில் எடுப்பது, மேனியின் வழுவழுப்பு போகாதபடி கையை நனைத்துக்கொண்டு தொடுவது, செவுளில் விரல் விடாமல் இருப்பது ஆகியவற்றில் இன்று பெரிய தகராறு இல்லை. படம் எடுப்பதானால் மீனை நீரிலேயே வைத்து எடுக்கலாம். தூக்கியே ஆக வேண்டும் என்றால் 10 விநாடிக்குள் முடிப்பது நல்லது என்பது ஆய்வாளர்களின் பரிந்துரை. தொண்டைக்குள் போன முள்ளைப் பிடுங்காமல் நரம்பை அறுத்துவிடுவதே பல இனங்களில் மீனுக்கு நன்மை என்று கண்டிருக்கிறார்கள்.

இவற்றைவிட முக்கியமான ஒழுக்கம், கரைக்குப் போகும் முன்பே தொடங்குகிறது. நீர் சூடேறிய நாளில் போகாமல் இருப்பது, கூடு காக்கும் பருவத்தைத் தவிர்ப்பது, உண்ண நினைத்த மீன் கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டுவது, பிழைக்காது என்று தெரிகிற மீனை விட்டுவிட்டு மனத்தைத் தேற்றிக்கொள்ளாமல் விதி அனுமதித்தால் உடனே கொன்று உணவாக்குவது. இத்தனையிலும் கடினமானது, போதும் என்று நிறுத்துவது. விடுவிப்பை மட்டுமே அறமாகப் பேசும் பண்பாடு இதைத்தான் பெரும்பாலும் சொல்லாமல் விட்டிருக்கிறது.

முடிந்தவையும் முடியாதவையும்

மூன்று கேள்விகளையும் பிரித்துப் பார்த்தால் இன்றைய நிலை ஓரளவு தெளிவாகும். விட்ட மீன் பிழைப்பது பற்றிய கேள்வியில் அறிவியல் வெகுதூரம் வந்திருக்கிறது. எந்தச் சூழலில் இறப்பு கூடும், எதனால் குறையும் என்பதைப் பல இனங்களுக்குச் சொல்ல முடிகிறது. ஆனால் இந்த அறிவின் பெரும்பகுதி வடஅமெரிக்க, ஐரோப்பிய மீன்களிலிருந்து வந்தது. காவிரியின் நீல்துடுப்பு மகசீரில் 2016-இல் வெளியான ஒரு விரைவு மதிப்பீடு, அந்த மீன் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது என்று காட்டியது நல்ல தொடக்கம். வெப்பமண்டல ஆறுகளின் மற்ற இனங்களுக்கும், மீண்டும் மீண்டும் சிக்கும் மீனின் வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் என்ன ஆகிறது என்பதற்கும் இன்னும் போதிய விடை இல்லை.

வளம் பற்றிய கேள்விக்குப் பொதுவிடை கிடையாது என்பதே கிடைத்திருக்கும் விடை. சொந்த இனம் அருகிவரும் குளிர்ந்த ஆற்றில் விடுவிப்பு கடமையாகலாம். அந்நிய இனம் பெருகிய ஏரியில் கொல்வது கடமையாகலாம். மிக அருகிய இனம் வாழும் ஆற்றில் தூண்டிலே வேண்டாம் என்பது பொருந்தலாம். நாடு முழுமைக்கும் ஒரே விதி வகுக்கும் சட்டங்களைவிட, நீர்நிலையின் நிலவரத்துக்கு ஏற்பத் தரம் பிரித்து, காலந்தோறும் மறுபரிசீலனை செய்யும் முறைக்கே சான்றுகள் வலுச் சேர்க்கின்றன.

துன்பம் பற்றிய கேள்வி திறந்தே இருக்கிறது. மீனின் அனுபவம் என்ன என்பதை நரம்பியல் ஒருநாள் இன்னும் தெளிவாகச் சொல்லக்கூடும். அப்போதும், நம் மகிழ்ச்சிக்காக இன்னோர் உயிருக்கு எவ்வளவு துன்பம் இழைக்கலாம் என்பதை ஆய்வகம் தீர்மானிக்காது, சமூகமே தீர்மானிக்க வேண்டும். ஐயம் உள்ள இடத்தில் மீனின் பக்கம் சாய்ந்து நிற்பது நியாயம் என்று தோன்றுகிறது. அப்படிச் சாய்வது தூண்டிலை அடியோடு விலக்குவதில் முடிய வேண்டுமா, அதை அளவோடு நிறுத்துவதில் முடியலாமா என்பதில் நேர்மையானவர்கள் இன்னும் வேறுபடுகிறார்கள். விடுவிப்பு இந்தக் கேள்விக்கு விடையாகிவிடாது. நன்றாகச் செய்யப்படும்போது அது இழப்பைக் குறைக்கும் ஒரு திறமை. அந்தத் திறமை எங்கே வேண்டும், எவ்வளவு வேண்டும், எங்கே தூண்டிலே போடக் கூடாது என்பதை ஒவ்வோர் ஆற்றின் நிலவரத்தையும், அதை நம்பி வாழ்வோரையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.